ஜோடியில்லாத மஞ்சள் வரிசை

2 மே 2024, வியாழன்

வெயில் இன்னும் குறையவில்லை. காலையில் வந்த கரண்ட் சமையல் முடிவதற்குள் போய்விட்டது. அதற்குள் என் வீட்டுக்காரி புஷ்பம் தண்ணீர் ஏற்றிவிட்டாள், நான் போனுக்குச் சார்ஜ் ஏற்றினேன்.

இதை எழுதுவது என் கை இல்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது. ஜனவரியில் தலை சுற்றி விழுந்த பிறகு டாக்டர், தினமும் நடந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஞாபகம் கெடாமல் இருக்கும் என்றார். என் ஞாபகத்தைப் பற்றி என்னிடமே! சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மகள் ஷாரோன்தான் இதைப் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் கன்னாபின்னாவென்று எழுதுமாம். "கோயில்ல வாசகம் படிக்கிற தமிழ்ல சொல்லுங்கப்பா" என்றாள். சரி. எழுபத்தாறு வருஷம் கேட்ட பூசைத் தமிழ் இதற்காவது உதவட்டும்.

இன்றைய செய்தி ஒன்றுதான். ராஜரத்தினம் போன் செய்தான். என்னோடு ஒரே கப்பலில் இருந்தவன். இதே ரங்கூனில், லான்மடாவில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் தனியாக இருக்கிறான். "அண்ணே, என் வண்ணாத்திப்பூச்சிப் பெட்டியைப் பாக்க ஒரு சயாமா வந்திருந்தாங்க. கண்காட்சி வைக்கப் போறாங்களாம்" என்றான். சயாமா என்றால் பர்மாக்காரர்கள் பேச்சில் டீச்சர். காலேஜில் பூச்சிப் பாடம் நடத்தியவராம்.

நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

3 மே

அவன் பிடித்த அதே ஆப்பிரிக்கக் காட்டில் நான் பிடித்த பூச்சிகளும் ஒரு பெட்டி என்னிடம் இருக்கிறது. அதை அந்த அம்மாவிடம் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான்.

5 மே, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும் ராஜரத்தினம் சாப்பிட வந்தான். அவன் முருகன் கோயில்காரன். ஆனால் மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மட்டும் எங்கள் வேதத்தில். புஷ்பம் கோழிக்குழம்பு வைத்திருந்தாள்.

"அண்ணி, அந்த சயாமா பேரு லத்தீபா. நம்ம தமிழ் முஸ்லிம் வீட்டுப் பொண்ணுதான். பெட்டியைத் தொறந்ததும் ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க, கீழ பெயிண்ட் கடைக்காரன் மாடிக்கு ஓடி வந்துட்டான்."

"அப்படி என்னத்தைப் பாத்தாங்க?" இது புஷ்பம்.

"நான் அடுக்கின வரிசையை அண்ணி, வரிசையை!"

எனக்குப் பொறுக்கவில்லை. "மொதல் பூச்சி பிடிச்சவன் யாருன்னு சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனா? அண்ணன் ஒண்ணுக்குப் போன எடத்துலதான் மொதல் பூச்சி வந்து உக்காந்துச்சுன்னு சொன்னேன்."

புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு எழுபத்திரண்டு வயது. இன்னும் அவன் பேச்சுக்கு இப்படிச் சிரிக்கிறாள். நான் சொல்லும் எதற்கு இப்படிச் சிரித்திருக்கிறாள்?

அவன் சொன்னது பொய்யில்லை என்பதுதான் வேதனை. 1985. கேமரூன் நாட்டு டூவாலா துறைமுகத்தில் மரம் ஏற்றப் போன எங்கள் கப்பல் எஞ்சின் கெட்டு நின்றுவிட்டது. உதிரி பாகம் வருகிற வரைக்கும் சும்மா இருக்காதீர்கள் என்று கேப்டன் எங்கள் இருவரையும் லாரியில் காட்டுக்குள் மரம் வெட்டும் இடத்துக்கு அனுப்பினார். அவன் படித்தவன், மரத்துக்குக் கணக்கு எழுத. நான் கம்பிக்கயிறு மாட்ட. கூடாரத்துக்குப் பின்னால் நாங்கள் ஒன்றுக்குப் போன ஈர மணலில் மறுநாள் காலை பார்த்தால், வாலுள்ள மஞ்சள் பூச்சிகள் மடித்த கைக்குட்டை மாதிரி நெருக்கி உட்கார்ந்து உப்புத்தண்ணீர் உறிஞ்சுகின்றன. அங்கிருந்த சமையற்காரன் கொசுவலைத் துணியில் வலை தைத்துக் கொடுத்தான். அழுகிய வாழைப்பழத்தில் பனங்கள் ஊற்றி வைத்தால் வேறு சாதி வரும் என்று காட்டினான். ஒரே மரத்தடியில் நின்றால் போதும். கண்ணாடி போல் ஊடே தெரிகிற நீலம், சருகு என்று நினைத்து மிதிக்கப் போகிற ஒன்று, ஆளைக் கண்டால் ஓடாத கறுப்பு வெள்ளை, தீ நிறம். கடவுள் அந்த இடத்தில் மட்டும் கை ஓயாமல் வேலை பார்த்திருக்கிறார்.

திரும்பி வரும் கடலில் ஆளுக்கொரு பெட்டி செய்தோம். கப்பலுக்குக் கப்பல் சேதி சொல்லும் கொடிகளின் அலமாரி என் பொறுப்பு. எழுத்து தெரியாதவனுக்குக் கொடியில் நிறம்தான் எழுத்து. ஒரு நிறம் மாறினால் சேதியே மாறிவிடும். அப்படித்தான் பூச்சியையும் அடுக்கினேன். மஞ்சள் ஒரு வரிசை, கறுப்பு வெள்ளை ஒரு வரிசை, தீ நிறம் ஒரு வரிசை. பார்த்தால் பாராட்டத் தோன்றும்.

அவன் மஞ்சளையும் கறுப்பையும் கலந்து கட்டி வைத்தான். அதைப் பார்த்தா அந்த அம்மா சத்தம் போட்டாராம்?

8 மே

புஷ்பம் மார்க்கெட்டுக்கு என்று போனாள். வர நேரமானது. கையில் கருவாட்டுப் பையும் முகத்தில் ஒரு வெளிச்சமும்.

"லான்மடாவ் வரைக்கும் போயிட்டு வந்தேன். அவர் பெட்டியைப் பாத்தேன்."

நாங்கள் இருக்கும் தாமுவேயிலிருந்து லான்மடாவுக்கு இந்த வெயிலில் பஸ் மாறிப் போயிருக்கிறாள். முழங்கால் வலி என்று பூசையில் முழந்தாளிட மாட்டேன் என்கிறவள்.

என் பெட்டி இந்த வீட்டிலேயே, இவள் சேலை வைக்கும் அலமாரியின் மேலேயே, பழைய கைலியில் சுற்றி இருக்கிறது. ஒருநாள், ஒரே ஒரு நாள், எடுங்கள் பார்க்கிறேன் என்று கேட்டிருப்பாளா? கேட்டதே இல்லை. நான் காட்டவும் இல்லை. கேட்காதவளிடம் எதற்குக் காட்ட வேண்டும்?

9 மே

தூக்கம் சரியில்லை. ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது.

கப்பலிலிருந்து நான் வீட்டுக்குப் போட்ட கடிதம் எல்லாம் ராஜரத்தினம் கையெழுத்து. நான் சொல்வது நாலு வரி. நான் சுகம், நீ சுகமா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, இங்கே மழை. அவன் எழுதுவது இரண்டு பக்கம். மீதியை எங்கிருந்து எடுத்தான்? கேட்டால், "அண்ணே, கடுதாசின்னா கொஞ்சம் தாளிக்கணும்" என்பான். நான் ஊர் வந்து சேர்ந்த அன்று புஷ்பம், "மஞ்சப் பூச்சி பறக்குறது கூரைப் புடவையை ஒதறின மாதிரி இருக்குன்னு எழுதியிருந்தீங்களே, எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றாள்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

11 மே, சனி

செய்துவிட்டேன்.

புஷ்பம் மரியாயின் சேனைக் கூட்டத்துக்குப் போன நேரம் ஸ்டூல் போட்டுப் பெட்டியை இறக்கினேன். கைலி பிரிக்காமலே பையில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கியாக்டடா போனேன். சூலே பகோடாவுக்குப் பக்கத்துத் தெருவில் பழைய கட்டிடத்து மாடி. கண்காட்சிக்குக் கூடம் தயார் செய்துகொண்டிருந்தார் லத்தீபா சயாமா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி.

"நீங்கதான் ஊ சிங்கராயரா? ஊ ராஜரத்தினம் உங்களைப் பத்தி நிறையச் சொன்னாரே!"

ஊ என்பது பர்மாவில் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. என்ன சொன்னானோ. நான் கைலியைப் பிரித்தேன். சயாமா சத்தம் போடவில்லை. மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நின்றார். அது சத்தத்தை விடப் பெரியது என்று எனக்குத் தோன்றியது.

"ஒரு மீசை ஒடியல. ஒரு வால் உதிரல. அவர் பெட்டில பாதி அரிச்சுப் போச்சு. ரங்கூன் மழையில இதை எப்படி இவ்வளவு காலம் காப்பாத்துனீங்க?"

"நான் கட்டுன கட்டு அப்படி" என்றேன். மெதுவாகச் சேர்த்துச் சொன்னேன்: "அவன் பெட்டியில ஒரு பிசகு இருக்கு சயாமா. மஞ்சளும் கறுப்பும் ஒரே வரிசையில கெடக்கு. பாத்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "புதன்கிழமை வாங்க. ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டுப் பேசுவோம். பெட்டி இங்கயே இருக்கட்டுமா?"

இருக்கட்டும் என்றேன். யாரைக் கேட்க வேண்டும்? என் பெட்டி.

வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு இடம் கொடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாக நடக்கிறது.

15 மே, புதன்

இன்றைக்கு வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

மேஜையில் இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில். ராஜரத்தினம் புதுச் சட்டை. சயாமா அவனிடம் கேட்டார்: "இந்த மஞ்சளையும் இந்தக் கறுப்பு வெள்ளையையும் ஏன் சேத்து வச்சீங்க?"

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தப்ப பிடிச்சேன் சயாமா. காட்டுல மரத்துக்கு முத்திரை அடிக்கிறப்ப, ஒரே மரத்துல வெட்டுன துண்டுக்கெல்லாம் ஒரே நம்பர். அடித்துண்டு பருமன், நுனித்துண்டு ஒல்லி. பாத்தா வேற வேற, ஆனா மரம் ஒண்ணுதானே? அதே கணக்குல வச்சேன்."

"வச்சது சரி" என்றார் சயாமா.

சரியாம்.

பிறகு எனக்கு விளக்கினார். வாலுள்ள மஞ்சள் எல்லாம் ஆண். ஈர மணலில் கூட்டமாக வந்து உட்காருவது பெரும்பாலும் ஆண்கள்தான். பெண்கள் காட்டுக்குள்ளேயே இருந்துவிடும். அந்தப் பெண்களுக்கு வாலும் இல்லை, மஞ்சளும் இல்லை. அந்தக் காட்டில் கறுப்பு வெள்ளையில் ஒரு கசப்புப் பூச்சி இருக்கிறது. பறவை ஒருமுறை தின்றுவிட்டால் பிறகு அந்த நிறத்தையே தொடாது. இந்தப் பெண் அதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கும். தீ நிறத்தில் இன்னொரு கசப்புப் பூச்சி. வேறொரு பெண் அந்த வேஷம்.

"ஒரே வீட்டுப் பொண்ணுங்க, ஆளுக்கொரு உடுப்பு" என்றார்.

என் பெட்டியின் கறுப்பு வெள்ளை வரிசையைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். கசப்புப் பூச்சிக்கு நடக்கிற கால் நாலுதான், முன்னங்கால் இரண்டும் சுருங்கிப் போயிருக்கும். வேஷக்காரிக்கு ஆறு காலும் முழுசாக இருக்கும். நான் அடுக்கிய வரிசையில் நிஜமும் வேஷமும் தோளோடு தோள் நின்றன.

"இது பறவை பாக்குற வரிசை ஊ சிங்கராயர்! பறவை எப்படி ஏமாறுமோ அப்படியே அடுக்கியிருக்கீங்க. எனக்கு இதுதான் வேணும். ஒரு பக்கம் பறவையோட கண்ணு, இன்னொரு பக்கம் நிஜம். பிள்ளைங்களுக்கு இதைவிட எப்படிப் புரியவைக்கிறது?"

மனசாரப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குத் தெரிகிறது. ஆனால் ராஜரத்தினம் சும்மா இருப்பானா?

"அண்ணன் அப்போ பறவைக் கட்சி!"

நாற்பது வருஷம்டா. நாற்பது வருஷமா நான் ஏமாந்த வரிசையைத் தலைக்கு மேல வச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கேன். அவன் பெட்டி அரிச்சுப் போய்க் கெடக்கு, ஆனா அவன்தான் சரி. எழுத்தும் அவனுக்கு, பேச்சும் அவனுக்கு, இப்போ பூச்சியும் அவனுக்கு. எனக்கு என்னதான் மிச்சம்?

16 மே

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

18 மே, சனி

நேற்று முதல் மழை. இன்று புஷ்பம் சேலைகளை எடுத்து உதறி மடித்துப் பாச்சை உருண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் சாய்வு நாற்காலியில். கடைசியில் ஸ்டூலை இழுத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அலமாரி மேல் கையை விட்டுத் துழாவினாள்.

"பெட்டி எங்க?"

"சயாமாகிட்ட குடுத்துட்டேன். கண்காட்சிக்கு."

"என்னைக் கேக்காமயா?"

"உன்ன எதுக்குக் கேக்கணும்? ஒரு நாளாவது அதைத் தொறந்து பாத்திருக்கியா நீ?"

இறங்கி வந்தாள். உள்ளங்கையில் இரண்டு உருண்டை இருந்தது.

"பின்ன யாரு வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி இதை மாத்துறது? வானத்துல இருந்து சம்மனசு வந்தா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீயா? ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஊர் வந்த அன்னிக்கு ஆசையா கை வச்சேன். 'தொடாதே, வால் ஒடிஞ்சிடும்'னு ஒரு கத்து கத்துனீங்க பாருங்க, பிள்ளை தூக்கத்துல இருந்து முழிச்சுக்கிச்சு. சரி, நீங்க இருக்கிறப்ப தொடல. கடலுக்குப் போனப்பல்லாம் தொட்டேன். அப்புறம் நீங்க கரைக்கே வந்துட்டீங்க. கடைக்குப் போனப்பல்லாம் தொட்டேன்."

நான் கத்தியது எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்குக் கரை இறங்கும்போது கேப்டன் கட்டியிருந்த டை என்ன நிறம் என்பது ஞாபகம் இருக்கிறது. இது இல்லை.

விட்டிருக்கலாம். விடவில்லை. "அப்புறம் எதுக்கு லான்மடாவ் வரைக்கும் போய் அவன் பெட்டியைப் பாத்தே?"

"நம்ம மஞ்சளுக்கு ஜோடி இல்லையேன்னு. வரிசை பூரா ஒரே அச்சு. எல்லாம் ஆம்பளையா, எல்லாம் பொம்பளையான்னுகூடத் தெரியாது. இதுக்கு ஜோடி எப்படி இருக்கும்னு ஒவ்வொரு வருஷமும் நெனப்பேன். அவர்கிட்ட இருந்தா பாத்துட்டு வரலாம்னு போனேன்."

"இருந்துச்சா?"

"ஒரு கறுப்பு வெள்ளையைக் காட்டி இதுதான் மஞ்சளுக்குப் பொண்டாட்டின்னாரு. அவர் பேச்சுல எது நெசம், எது தாளிப்பு? நான் நம்பல."

நம்பவில்லை! எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. சொல்ல வெட்கம்தான், இருந்தாலும் டாக்டர் நடந்ததைச் சொல்லச் சொன்னார். அவன் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் அந்த இரண்டு உருண்டையையும் சேலை மேல் போடவில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

19 மே, ஞாயிறு

புஷ்பம் பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், பேசவில்லை. ராஜரத்தினம் வந்தான். ஏதோ நடந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தான்.

"அண்ணி, குழம்புல உப்பு..."

"வேணும்னா போட்டுக்குங்க. வேணாம்னா போடாதீங்க."

அதற்குப் பிறகு அவனும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அவன் பேசாமல் சாப்பிட்ட முதல் ஞாயிறு. நான் ஆசைப்பட்டது இதைத்தானே? பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

20 மே

உருண்டை இன்னும் ஜன்னல் விளிம்பிலேயே.

21 மே, செவ்வாய்

மழையோடு கியாக்டடா போனேன். பெட்டி வேண்டும் என்றேன். சயாமாவின் முகம் வாடிவிட்டது. "பறவைக் கண்ணுன்னு சொன்னதுல வருத்தமா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால், "இது என் பெட்டி இல்ல சயாமா. இத்தனை வருஷம் இதைக் காப்பாத்துனது என் வீட்டுக்காரி. கட்டு எல்லாம் சும்மா" என்றேன். எப்படி வந்தது அந்தப் பேச்சு என்று தெரியவில்லை.

சயாமா தானே பிளாஸ்டிக் பையில் சுற்றி, டேப் ஒட்டி, கையில் கொடுத்தார். "அப்ப நான் பாக்க வேண்டியது அவங்களைத்தான். இதையும் கொண்டுபோங்க" என்று பூதக்கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தார்.

பஸ்ஸில் கூட்டம். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றே வந்தேன்.

22 மே, புதன்

காலையில் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். புஷ்பம் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வந்து, என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்தாள். நான் இருக்கும்போது அவள் திறந்தது இதுதான் முதல். அவள் விரல்கள் கொக்கியைக் கண்ணால் பார்க்காமலே கழற்றின.

பழைய உருண்டை உளுந்தளவு தேய்ந்திருந்தது. எடுத்துவிட்டு, ஜன்னல் விளிம்பிலிருந்த இரண்டையும் எதிரெதிர் மூலையில் வைத்தாள். எங்கே வைத்தால் உருளாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. ராஜரத்தினம் கதை விடுகிறவன் என்று அவள் நினைத்துக்கொண்டே இருப்பாள். எனக்கு அது சுகம். அவளுக்கோ அடுத்த மழைக்கும் அதே கேள்வி.

பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். கறுப்பு வெள்ளை வரிசையில் ஓரத்து ஊசியைப் பிடித்து மெதுவாகச் சாய்த்தேன்.

"காலை எண்ணு."

"நாலு."

அடுத்ததைச் சாய்த்தேன். "இது?"

"நாலு... இல்ல, ஆறு. ஏன் இதுக்கு மட்டும் ஆறு?"

"மஞ்சளைப் பாரு."

எண்ணினாள். ஆறு. திரும்பக் கறுப்பு வெள்ளைக்கு வந்தாள். திரும்ப மஞ்சளுக்குப் போனாள். நான் சொல்லிவிட்டேன்.

"ராஜரத்தினம் சொன்னது நெசம். இதுதான் அதுக்கு ஜோடி. சயாமாவும் சொல்லிட்டாங்க. நான்தான் நெறத்தைப் பாத்துத் தப்பா அடுக்கிட்டேன்."

நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது. அவன் பெயரை அவளிடம் நல்லவிதமாகச் சொன்னது எந்தக் காலத்தில் என்று யோசித்தேன். கிடைக்கவில்லை.

அவள் பூதக்கண்ணாடியைப் பூச்சி மேலிருந்து எடுக்கவே இல்லை. "இதே பெட்டிலயா இருந்தா? அடுத்த வரிசையிலேயா?" என்றாள். "நான் இவளுக்கும் சேத்துத்தானே உருண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்."

பிறகு டீ போட்டாள். எனக்குப் பிடித்த மாதிரி, பால் தூக்கலாக.

23 மே

அடுக்கை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "சயாமா கேட்டாங்கல்ல, குடுங்க. பிள்ளைங்க பாக்கட்டும்."

"பறவை ஏமாந்த கண்ணுன்னு எழுதிப் போடுவாங்க."

"போடட்டுமே. நானும்தான் ஏமாந்தேன். பறவைக்கு மட்டும் என்ன கொறச்சல்? கண்காட்சி முடிஞ்சதும் திரும்பி வந்துரணும். அதை மட்டும் சொல்லிடுங்க."

16 ஜூன், ஞாயிறு

சயாமா வீட்டுக்கு வந்தார். ராஜரத்தினமும் இருந்தான். சயாமாவும் புஷ்பமும் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பேசினார்கள். எதற்குக் கற்பூரம் கூடாது, எதற்கு உருண்டை, வெயிலில் வைத்தால் நிறம் போகுமா. நாங்கள் இரண்டு கிழவர்களும் அந்தப் பக்கம் நாற்காலியில். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அண்ணே, பாத்தீங்களா, நம்மள ஓரங்கட்டிட்டாங்க" என்றான் ராஜரத்தினம்.

அவனுக்கும் எரிகிறது என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

9 ஜூலை

விடாத மழை. மாடிப்படி வரை தண்ணீர். போன மாதம் சயாமா பெட்டியை வாங்கிப் போனதிலிருந்து அலமாரி மேல் காலி. பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்று சயாமாவுக்குப் போன் செய்யச் சொல்லி புஷ்பம் தொல்லை.

4 ஆகஸ்ட், ஞாயிறு

ராஜரத்தினம் தலைக்கு மை அடித்திருக்கிறான். கண்காட்சிக்காம். புஷ்பம் பார்த்து, "சின்னப் பையன் மாதிரி இருக்கீங்க" என்றாள். இருக்கட்டும். மை காதில் எல்லாம் வழிந்திருக்கிறது, அதை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

17 ஆகஸ்ட், சனி

கண்காட்சி திறந்தாகிவிட்டது. ஜெனரேட்டர் சத்தம், பள்ளிப் பிள்ளைகள் சத்தம். புஷ்பம் ஷாரோன் அனுப்பிய நீலப் புடவை கட்டியிருந்தாள். எங்கள் பெட்டிகள் கூடத்தின் நடுவில், ஒரே கண்ணாடிக்குள், பக்கத்தில் பக்கத்தில். பிள்ளைகள் முதலில் என் பெட்டியைப் பார்த்து நிறத்தைச் சொல்கிறார்கள். பிறகு அவன் பெட்டிக்குப் போய், "ஐயோ, ஏமாத்திடுச்சு!" என்று பர்மா பாஷையில் கத்துகிறார்கள். திரும்ப என் பெட்டிக்கு ஓடி வந்து கால் எண்ணுகிறார்கள். ஓடி வருவது என் பெட்டிக்குத்தான். அதைக் கவனித்தேன்.

கண்ணாடிக்குக் கீழே இங்கிலீஷில் ஓர் அட்டை. எங்கள் பெயர் அதில் இருக்கிறது என்றார் சயாமா. புஷ்பம் மிஷன் பள்ளியில் படித்தவள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, விரலை வைத்து நிதானமாக வாசித்துச் சொன்னாள்.

"கேமரூன் காட்டு வண்ணத்துப்பூச்சிகள். பிடித்தவர்கள்: சிங்கராயர். ராஜரத்தினம். இருவரும் ரங்கூன்."

நான் அட்டையைப் பார்த்தேன். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் என் கப்பல் புத்தகத்தில் என் பெயர் எந்த எழுத்தில் தொடங்கும் என்பது மட்டும் தெரியும். இரண்டு பக்கமும் வளைந்த தூண்டில் முள் மாதிரி இருக்கும். துறைமுகம் துறைமுகமாக அதைக் காட்டித்தான் இறங்கியிருக்கிறேன். இந்த அட்டையில் முதல் பெயருக்கு அந்த முள் இல்லை. நெட்டுக்கம்பும் தொந்தியும் ஒரு காலும் வைத்த எழுத்து. முள் அதற்குக் கீழே, இரண்டாவது பெயருக்கு. அவள் முதலில் வாசித்ததோ என் பெயர்.

ராஜரத்தினம் எனக்கு அந்தப் பக்கம் நின்றான். கண்ணாடி அவன் மூக்கில்தான் இருந்தது. டீக்கடைப் பலகையில் ஓர் எழுத்து பிசகினால்கூடக் கடைக்காரனைக் கூப்பிட்டுத் திருத்துகிறவன். அட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரியாத்தான் வாசிச்சீங்க அண்ணி" என்றான்.

"ஆமா, சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றேன் நான்.

புஷ்பம் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தாள்.

மழை விட்டிருந்தது. கீழே தெருமுனை டீக்கடையில் மூவருக்கும் இடம் பிடித்தேன். ராஜரத்தினத்துக்கு நானே ஊற்றிக் கொடுத்தேன். அவள் பக்கத்து ஸ்டூலில் மட்டும் முந்திக்கொண்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.